நிகர எடை

நாற்பத்திரண்டு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டேன்.
பகாவ் கடைத்தெரு, கைப்பேசிக் கடைக்கு மேல்மாடி,
டாக்டர் லியூவின் கிளினிக்.
முன்பணம் எண்ணூறு, மாதம் நூற்றைம்பது ரிங்கிட்.
"மகளுக்கா அக்கா?" என்றாள் முகப்பில் இருந்த பெண்.
எனக்கு மகள் இல்லை.
எனக்குத்தான் என்றேன்,
வழக்கம்போல் வாயைக் கையால் மறைத்தபடி.

தெத்துப்பல் அழகு என்பார்கள்.
ஒன்று இருந்தால் அழகு.
என் வாயில் அவை
நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் பேருந்தில் ஏறிய கூட்டம்,
ஒன்றின் தோள்மேல் ஒன்று,
யாருக்கும் இருக்கை இல்லை.

செம்பனை ஆலையில் எடைப்பாலம் என் வேலை.
லாரி ஏறும், எண் எழும்.
குலைகளைக் கொட்டிவிட்டு வந்து மறுபடி ஏறும்.
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் பழத்தின் எடை.
பத்தொன்பது வருஷம்
சின்னச் சன்னல் வழியே சீட்டை நீட்டினேன்,
பேச்சைக் கழித்துவிட்டு.
உதடு பிரியாமல் "ம்" கொட்டுவதில்
அந்த ஆலையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

கம்பி ஏறிய அன்றே அந்த "ம்" போய்விட்டது.
மேலுதடு இறங்கி வரும்,
உலோகத்தில் இடறும்,
பாதியில் நிற்கும்.

"எலும்பு ஒரு பக்கம் கரையும், மறுபக்கம் வளரும்,"
மலாயில் சொன்னார் டாக்டர்.
"பல் நடந்து போகும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர்."
ராத்திரி படுத்துக்கொண்டு அந்த நடையைக் கேட்டேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்களே,
அதற்கும் வழியில்லை.

கஞ்சி. தாவ்ஃபூ. தேநீரில் நனைத்த ரொட்டி.
பசார் மாலாமில் வெந்த சோளத்தின்
வாசனையை மட்டும் வாங்கி வந்தேன்.
தீபாவளி முறுக்கைக் கோப்பியில் போட்டுவிட்டு
அது இளகட்டும் என்று காத்திருந்தேன்,
எந்தச் சாமி மன்னிக்குமோ.

லாரிக்காரர்கள் விடுவார்களா?
"மேடம், வாயில ரயில் தண்டவாளமா?"
"ஆமா, கெமாஸ் வரைக்கும் போகும். ஏறுறியா?"
சொல்லிவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன்,
யார் பேசியது என்று.

கம்பி கட்டிய ஏழாம் மாதம், சனிக்கிழமை சாயங்காலம்,
கடைவாய்ப் பக்கம் கம்பிமுனை நழுவிக் கன்னத்தைக் குத்தியது.
கிளினிக் பூட்டியாயிற்று. திங்கள்கிழமைதான் திறக்கும்.
வெளியே பதினொரு லாரி.
ரத்தத்தை விழுங்கிக்கொண்டு எண் அடித்தேன்.

பட்டறையிலிருந்து ஃபிட்டர் இருதயசாமி வந்தார்,
கொதிகலன் வால்வு கழற்றும் கையோடு.
சின்ன வெட்டுக்குறடை ஸ்பிரிட்டில் முக்கினார்.
நெற்றியில் டார்ச்சைக் கட்டினார்.
"தொற" என்றார்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கும்
அடையாள அட்டைப் புகைப்படக்காரனுக்கும்
திறக்காத வாய்.

திறந்தேன்.

டக்.
அவர் உள்ளங்கையில் ஒரு நுனி, அரை அரிசி நீளம்.
டார்ச் மட்டும் இன்னும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.
ஐயோ என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
"நல்ல ஸ்டீலு," என்றார்.
"நமக்கு வர்ற போல்ட்டு எதுவும் இப்படி இல்ல."
குறடைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சிரிப்பு வந்தது.
கை பழக்கத்தில் எழுந்தது.
ஹாரன் அடித்தான் அடுத்த லாரிக்காரன்,
கை பாதி வழியில் திரும்பி
விசைப்பலகைக்குப் போயிற்று.
வாய் அப்படியே இருந்தது, திறந்தபடி,
சிரித்தபடி,
அவனுக்குச் சீட்டை நீட்டினேன்.

இரவு கடைசி லாரியும் போனபின்
அந்த நுனியைப் பாலத்தின்மேல் வைத்தேன்.
வெளிப்பலகையில் பூஜ்யம்.
அறுபது டன் சுமக்கும் பாலம் அது,
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் நம்பாது.

பிறகு நானே ஏறி நின்றேன்.
வாயை மூடப் பார்த்தேன்: அறுபது கிலோ.
திறந்தேன்: அறுபது.

இன்னும் பதினான்கு மாதத் தவணை பாக்கி.