நிக்குது

ஐஸ் கம்பெனிக்குப் புது கம்ப்ரசர் பூட்ட வந்தவர்
நாலு மாதம் எங்கள் மாடியறையில் இருந்தார்.
பெயர் ஒகுமுரா.
காசிமேட்டு வாயில் அது
மூன்றாம் நாளே முருகா ஆகிவிட்டது.
கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்,
அதனால் யாரும் திருத்தவில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் திரும்பிய நேரம்,
மொட்டைமாடியில் பாய் விரித்துப்
பெட்டியைத் திறந்தார்.
கட்டை ஒன்று வெளியே வந்தது.
கருகிய வாழைப்பூ அளவு,
தட்டினால் டக்கென்று சத்தம்.
"வெறகா சார்?" என்றாள்
மீன் வெட்டும் மதலேனம்மா.
மீன் என்று
கையால் நீந்திக் காட்டினார்.

அப்புறம், தச்சனின் இழைப்புளியைக்
கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு மரப்பெட்டி.
கட்டையை அதன்மேல் தள்ளத் தள்ள
உள்ளே விழுந்தது
வெங்காயச் சருகு போல, இளஞ்சிவப்பாய்.
சுடுசோற்றில் தூவியதும்
ஆவி பட்டு நெளிந்தது.
நிரோஷா தட்டோடு பின்வாங்கினாள்:
"அது இன்னும் சாவலம்மா."

மதலேனம்மா ஒரு சீவலை நாக்கில் வைத்து
கண்ணை இடுக்கி,
"அடப்பாவி, இது மாசி" என்றாள்.
"சூரைய அவிச்சி, பொகையில போட்டு, காய வச்சது.
தூத்துக்குடியில என் நாத்தனா வூட்ல
அம்மியில வச்சி இடிப்பாங்க.
இத்துக்கா இவ்ளோ தூரம் வந்த, முருகா?"

என் அரைகுறை இங்கிலீஷில்
சேம் ஃபிஷ் என்று மட்டும் சொன்னேன்.
அவர் எழுந்து நின்று
இடுப்பு வரை குனிந்து அவளை வணங்கினார்.
அவள் பயந்து எழுந்து
சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு ரசம்போல் ஒரு தண்ணி.
கடற்பாசிப் பட்டையை ஊறவைத்து,
கொதி வருமுன் எடுத்துவிட்டு,
சீவலைப் போட்டு, உடனே வடிகட்டி,
இவ்வளவுக்கும் அப்புறம்
டம்ளரில் வந்தது வெந்நீரின் நிறம்.

குடித்தோம்.
பாக்கியநாதன் அண்ணன் மிளகாய்த்தூள் கேட்டார்.
அத்தோ கடை மெகராஜ் அக்கா
"சூப்பு நல்லாத்தான் இருக்கு,
இன்னும் ஆரம்பிக்கலியே" என்றாள்.

ஒகுமுரா உள்ளங்கையைக் காட்டினார், பொறுங்கள் என்று.
தாடையின் இரண்டு ஓரத்தையும் தொட்டு
இங்கே, இங்கே என்றார்.
உப்பில்லை. புளிப்பில்லை.
அதற்கு அவர் ஊரில் ஒரு சொல் உண்டாம்.
உங்கள் ஊரில்?

அறுசுவையையும் எண்ணினேன்.
துவர்ப்பு வரை போய் வெறுங்கையோடு வந்தேன்.
கவிச்சி என்றார் அண்ணன்.
ருசி என்றாள் அக்கா, அது எல்லாத்துக்கும் சொல்வது.
டம்ளரைக் கவிழ்த்து வைத்த மதலேனம்மா
கொஞ்ச நேரம் வார்ஃபைப் பார்த்தபடி இருந்துவிட்டு
"வாயில நிக்குது" என்றாள்.

பேனா எடுத்து எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவருக்குத் தமிழ் ஒரே சொல்.
வஞ்சிரத் தலைக் குழம்பு, நிக்குது.
மெகராஜ் அக்காவின் வாழைத்தண்டு சூப்பு, நிக்குது.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி
நிக்குது என்று ஆட்டோக்காரர் சொன்னபோது
வண்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்தாராம்.
பருவம் தப்பிய மழை விட்ட சாயங்காலம்
"நின்னுடுச்சி" என்றோம்.
குழம்பிப் போனார்.
நிற்பது தங்குவதா, முடிவதா?
பதில் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை.
தமிழும்தான்.

ஏப்ரல் பதினைந்து, தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக் கிடந்தன.
ஐஸ் வாங்க ஆளில்லை.
கம்ப்ரசரை அணைத்த மதியம்
காதுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது.
துறையைக் காட்டி
"போட்டு நிக்குது" என்றார்.
கேள்வியா என்று தெரியவில்லை.
"ஆமா முருகா, அறுவத்தோரு நாளு" என்றாள் மதலேனம்மா,
வட்டிக்காரன் வரும் தேதியை விரலில் எண்ணியபடி.

போகும்போது மரப்பெட்டியை அவளிடம் விட்டுப்போனார்.
உப்புக்காற்றில் அலகு துருப்பிடித்தது.
அருவாமனை தீட்டும் கல்லிலேயே தீட்டிக்கொண்டாள்.
இப்போது அதில் மாசி சீவி விற்கிறாள்,
தடைக்கால வியாபாரம்,
ஐம்பது கிராம் அறுபது ரூபாய்.
என்னது இது என்று கேட்டால்
ஜப்பான் மாசி என்கிறாள்.
தூத்துக்குடிச் சூரைதான்.
விலையைக் கேட்டு நகர்கிறவர்களிடம்
ஒரு சீவலை நீட்டி
வாயில் போட்டதும்
உள்ளங்கையைக் காட்டுகிறாள்,
இரு, கொஞ்சம் பொறு என்று.