கோர்டனுக்குத் தமிழ் தெரியாது

காப்பகத்தில் தந்த தாளில் இருந்தது:
பெயர் கோர்டன். ஆண். வயது ஒன்பது.
முன்பு வளர்த்தவர் இறந்துபோனார்.
பாஷை பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்திரண்டு.
பின்னிருக்கையில், பெட்டிக்குள்,
ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது.
நான்தான் போர்ட்டேஜ் அவென்யூ முடியும்வரை
கதைத்துக்கொண்டே ஓட்டினேன்.

மொழிபெயர்ப்பது என் தொழில்.
ஆஸ்பத்திரியில், டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் கதிரை என்னுடையது.
இந்தப் பக்கச் சொல்லை எடுத்து அந்தப் பக்கம் வைப்பேன்.
கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.
சொன்னதை மட்டும்.

கோர்டன் எதையும் சொல்வதில்லை.
மூன்று நாள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்தது.
நாலாம் நாள் வாலை நட்டுக்கொண்டு வந்தது.
நுனி மட்டும் ஒற்றைக்கொம்பாய் வளைந்திருந்தது,
பக்கத்தில் எழுத்தே இல்லாமல்.
என் காலடியில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது.
தடவச் சொல்கிறதாக்கும் என்று கை வைத்தேன்.

நாலு காலும் ஒரு வாயுமாகத்
திருத்திவிட்டது.
மணிக்கட்டில் மூன்று சிவப்புக் கோடு.
வயிறு சொன்னது 'நம்புகிறேன்'. அவ்வளவுதான்.
'தொடு' என்பது நானாகக் கூட்டிய சொல்.

அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு பார்க்கப் பழகினேன்.
வால் தரையில் அடித்தால் சந்தோஷமில்லை, அது நாய்ப் பாஷை.
காது பக்கவாட்டில் சாய்ந்தால் இன்னும் ஒரு தடவலுக்குமேல் தாங்காது.
தூரத்திலிருந்து கண்ணை மெல்ல மூடித் திறந்தால்
நானும் மூடித் திறக்க வேண்டும்.
அவசரப்பட்டால் கெட்டுப்போகும்.

பெப்ரவரியில் ஓர் இரவு
ஹீட்டர் அருகே பாண் துண்டுபோலக் குந்தியிருந்தது,
பாதங்களை அடியில் ஒளித்து.
உறுமல் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.
நிம்மதி என்று நினைத்தபடி மீன் குழம்பைச் சூடாக்கினேன்.
மீனுக்கும் வரவில்லை.
மீசை விறைத்திருந்தது. கண் பாதி சுருங்கியிருந்தது.
மணல் பெட்டிக்குள் ஏறியது, இறங்கியது, ஏறியது.
மணல் நனையவேயில்லை.

மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது என்றார் டொக்டர் பெனர்,
இரவு இரண்டு மணிக்கு, கையுறையைக் கழற்றாமல்.
விடியட்டும் என்று விட்டிருந்தால் பிழைத்திராது.
"உறுமிக்கொண்டுதானே இருந்தது?" என்றேன்.
"நோகும்போதும் உறுமும்," என்றார்.

அந்த வியாழக்கிழமை
சௌந்தலாதேவி என்று ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும்.
எங்கே நோகிறது என்று கேட்டார் டொக்டர்,
கணினியைப் பார்த்தபடி.
"ஒண்டுமில்லை," என்று சிரித்தார்.
ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் வைத்தேன்.
பிழையில்லாத மொழிபெயர்ப்பு.

ஆனால் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்திருந்தார்.
இடக்கை சால்வைக்குள் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது.
சிரிப்பு மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒரு வழி உண்டு, எப்போதாவது பாவிக்கலாம்.
என்னை நானே படர்க்கையில் சொல்லவேண்டும்:
மொழிபெயர்ப்பாளர் ஒன்று கேட்கிறார்.
டொக்டர் இந்தப் பக்கம் திரும்பி
இன்னொரு தடவை கேட்பாரா?
இதையே தமிழிலும் அந்த அம்மாவுக்குச் சொன்னேன்.
என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

கதிரை திரும்பியது.
"ஒண்டுமில்லை," என்றார் மறுபடியும்.
அதையும் அப்படியே வைத்தேன்.
பிறகு அறையில் மூவருமே பேசவில்லை.
கொஞ்ச நேரத்தில் சால்வை விலகியது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன்.
கோர்டன் வந்து அதன் மேல் மூக்கை வைத்து,
வாயைச் சற்றுத் திறந்தபடி,
ஆஸ்பத்திரி முழுவதையும் நிதானமாக வாசித்தது.
எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது, தெரியாது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தது.
காலிக் கிண்ணத்தைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.

இது எனக்கு விளங்கும்.