பதினெட்டாவது போல்ட்

அஷ்டமியில் எதையும் தொடங்காதே
என்கிறது நம் பஞ்சாங்கம்.
யெல் தீவுக்கும் அன்ஸ்ட் தீவுக்கும் நடுவே
புளூமல் நீரிணையில்
அஷ்டமி வந்தால்தான் கடலில் கைவைக்கவே முடியும்.
பாதி நிலா, பாதி ஓதம்.
மற்ற நாளில் அங்கே தண்ணீர்
நிற்காமல் போகிற ரயில்.

ஒஸ்லாவிடம் பஞ்சாங்கம் இல்லை.
எண்கள் மட்டும் அச்சிட்ட
மஞ்சள் அட்டைப் புத்தகம் இருக்கிறது.
இன்றைக்குக் காலை பத்து நாற்பத்தொன்று.
இருபத்திரண்டு நிமிடம்.
வருவதா போவதா என்று
கடலுக்கே தெரியாத நேரம்.
மின்சாரம் அப்போது பூஜ்ஜியம்.
சம்பாதிக்காத பொழுதில்தான்
அந்த இயந்திரத்தின் பக்கத்தில் போக முடியும்.

சில மனுஷர்களும் அப்படித்தான் என்பார்
படகோட்டி ஜெரோம்சன்,
தன் அண்ணனை நினைத்துக்கொண்டு.

முப்பது மீட்டர்.
பச்சை, கரும்பச்சை, பிறகு
நெற்றி விளக்கு காட்டுகிற அளவுக்கு உலகம்.
வாத்தியார் நுழைந்த வகுப்பறைபோல
கடற்பாசி முழுக்க நிமிர்ந்து நிற்கிறது.
பிரேக் போட்டிருக்கிறார்கள். தெரியும்.
இருந்தும் முதலில்
உள்ளங்கையை இறக்கைமேல் வைத்துப் பார்க்கிறாள்,
பழக்கமில்லாத குதிரையைத் தொடுகிறவள்போல.

உப்புநீர் கசிந்த மூடி கழன்றது.
புதியது பொருந்தியது.
பதினெட்டு போல்ட்.
ஆறுவரை சமர்த்து.
ஏழாவது முரண்டு பிடித்தது,
அதற்கு மட்டும் நான்கு நிமிடம் அழுதாள்.
பதினெட்டாவதை விரலால் திருகி
சாவியை எடுக்கும்போது
கடற்பாசி சாயத் தொடங்கியது.
கொஞ்சம்தான்.
கேட்ட கேள்விக்குத் தலையாட்டுகிற அளவு.

கயிறு மூன்று முறை இழுத்தது.

"முடிஞ்சுதா?"
"பதினேழு."
ஜெரோம்சன் ஒன்றும் சொல்லாமல் தேநீரை நீட்டினார்.
பதினேழே போதும், தாங்கும் என்றார் பொறியாளர்
தொலைபேசியில்,
அபெர்டீனில் ஒரு நாற்காலியில் இருந்துகொண்டு.

சமையலறை பல்பில்
காற்று எத்தனை பங்கு, கடல் எத்தனை பங்கு
யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.
ஒஸ்லாவுக்கு அது
பதினேழரை போல்ட்டில் தொங்குகிற வெளிச்சம்.

தசமி. ஏகாதசி.
நிலா சதைபோட்டது.
பௌர்ணமியன்று கட்சர் துறையிலிருந்து கிளம்பிய ஃபெர்ரியில்
வெளியூர்க்காரர்கள் மேல்தளத்தில் நின்று
அதைப் படம் எடுத்தார்கள்.
எவ்வளவு அழகு என்றாள் ஒருத்தி.
அண்ணாந்து பார்த்து ஒஸ்லா முனகிய வார்த்தையை
ஷெட்லாண்ட் பேச்சில்தான் சொல்ல முடியும்.

அன்றிரவு நீரிணை
வெறிகொண்டு ஒரு பக்கம் ஓடியது,
பிறகு அதே வெறியோடு மறுபக்கம்.
பல்பு சிமிட்டவில்லை.
ஃபிரிட்ஜ் உறுமியது, கெட்டில் கொதித்தது.
மகள் ஹேர் டிரையரைப் போட்டபோது
எழுந்துபோய் அணைத்தாள்.
"அம்மா, என்னாச்சு?"
"ஒண்ணுமில்லை. தலை தானா காயும்."

மறு அஷ்டமி, தேய்பிறை.
மாலை, மழை, ஜெரோம்சனின் இருமல்.
பதினெட்டாவது போல்ட்
விட்ட இடத்தில் இருந்தது.
அதன் தலைமேல்
சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கடற்சாமந்தி
முன்பணம்கூடக் கொடுக்காமல் குடிவந்து
இதழெல்லாம் விரித்து உட்கார்ந்திருந்தது.

அதை நோகாமல் பெயர்த்து
பக்கத்துப் பாறையில் குடிவைக்க
மூன்று நிமிடம் போயிற்று,
இருபத்திரண்டில்.