கரி, இரண்டு மூட்டை

வெள்ளி, சனி கிடைக்கவில்லை.
செவ்வாய் மூன்று மணிக்கு உள்ளே போய்
வியாழன் பதினொன்றுக்குச் சாவியைத் தந்துவிட வேண்டும்.
பாசிர் ரிஸ்ஸில் ஒரு சாலே, இரண்டு அறை.
கடல் பார்த்த வீடு என்றார்கள்.
படத்தில் கடல்
இரண்டு மரங்களுக்கு நடுவே
கொடியில் காயும் துண்டு அளவுக்குத்தான் தெரிகிறது.
பரவாயில்லை, துண்டுக் கடலும் உப்புத்தான்.

பதினோராம் மாடி, சாப்பாட்டு மேசை,
நள்ளிரவு தாண்டி ஆள்கணக்கு பார்க்கிறேன்.
அண்ணன் மாலை போட்டிருக்கிறார்:
பாய் போதும், தலையணை வேண்டாம்,
இறைச்சி வாடை படாத அறை வேண்டும்.
மூன்று நாளும் கோழி வாட்டப் போகும் வீட்டில்
அப்படியோர் அறையைக்
கடலுக்குள்தான் தேட வேண்டும்.
அண்ணிக்கு வீட்டில்தான் சைவம்;
கடற்கரை கணக்கில் வராதாம்.
அவர்கள் மகன் துருவன் புதன் இரவு
முகாமிலிருந்து நேராக வருவான், பசியோடு.
சுபத்ராவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை.
பிள்ளைகள் எழுந்த கட்டிலில்
அவள் வந்து படுக்கலாம்;
ஒரு கட்டில் மிச்சம்.

கூட்டினால் பன்னிரண்டு.
திரும்பவும் பன்னிரண்டு.
பெயர் சொல்லி விரல் மடக்கினால் மட்டும்
பதினொன்று.

போன வருடத்துப் பட்டியலின் மேலேயே
இந்த வருடத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.
ஏழாவது வரியில்
இன்னும் இருக்கிறார் குணா அத்தான்.
எதிரே: கரி, இரண்டு மூட்டை.
இடுக்கி.
விசிற, பழைய நாள்காட்டி அட்டை.

மார்ச்சில் தீர்ப்பு வந்தது.
யாரும் யாரையும் ஏசவில்லை.
நீதிமன்ற வாசலில் கோதை அக்காவுக்கு
அவர்தான் குடை பிடித்தார்; மழை அப்படி.
அந்தக் குடை
எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து
செருப்பு அலமாரியில் சாய்ந்திருக்கிறது.
கேட்டு யாரும் வரவில்லை.

ஒரு வரியை அழிக்க ஒரு விரல் போதும்.
அழித்தேன். பதினொன்று.
கரி மட்டும் ஆளில்லாமல் நின்றது.

அண்ணனைக் கேட்க முடியாது.
துருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு
துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவான்;
தீக்குச்சி என்றால் மூன்று உடைப்பான்.
நானோ, ஒருமுறை
தீமூட்டிக் கட்டிகளைப் பெட்டியோடு கவிழ்த்து
கோழி முழுக்கப் பெட்ரோல் நிலையம் மணந்தது.

காலையில் அக்கா மகள் தாரிணியின் குறுஞ்செய்தி:
மாமா, திருக்கை மீன் உண்டா?
உண்டு.
யார் சுடுவா?
பதில் எழுதி அழித்து எழுதி
ஒரு கட்டை விரலை மட்டும் அனுப்பினேன்.

பிறகு அவரை அழைத்தேன்.
பின்னால் ரயில் அறிவிப்பு, நான்கு மொழியில்.
நலம் விசாரிக்க வாய் வரவில்லை.
கரியை எப்படிப் பற்றவைப்பது, என்றேன்.

சற்று நேரம் ஒன்றுமில்லை.
பிறகு நிறுத்தாமல் சொன்னார்:
ஆறு மணிக்கு முன்னாடி ஆரம்பி.
காத்து கடல்லேர்ந்து வரும்,
கடலுக்கு முதுகு காட்டி உக்காரு.
கொழுந்துவிட்டு எரியுதேன்னு மீனை வைக்காதே,
அது வெறும் ஆர்ப்பாட்டம்.
அடங்கட்டும். மேல சாம்பல் பூக்கட்டும்.
அப்புறந்தான் அது நெருப்பு.

எந்த வீடு, என்று கேட்டார்.
அதே வீடுதான், என்றேன்.
குளியலறைப் பூட்டு சரியில்ல அதுல,
போன தடவை தாரிணி உள்ள மாட்டிக்கிட்டா,
அவகிட்ட சொல்லிடு.
கதவு மூடும் மணி கேட்டது.
ஏறினாரா, நின்றுவிட்டாரா தெரியவில்லை.

மேசைக்குத் திரும்பினேன்.
குளியலறைப் பூட்டு, என்று ஒரு வரி சேர்த்தேன்.
கரிக்கு எதிரே என் பெயர்.
அண்ணன் தொடமாட்டார்,
ஆகவே மீன் பத்துத் துண்டு போதும்.
பதினொன்று என்று எழுதினேன்.
யாராவது கேட்டால்
துருவனைச் சொல்லிக்கொள்ளலாம்.