கட்டம் சரியில்லை

மிஷன் வீதி மாடியில், ஏசி ஒழுகும் அறையில்
ஹேமலதா மேடம் என் விண்ணப்பத்தை
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
'கணக்கு. மறுபடியும் கணக்கு. அப்புறம் வயலின்.
உன்னை மாதிரி ஆயிரம் பேர் வர்றாங்க கண்ணு.
அங்க உக்காந்து படிக்கிறவனுக்கு
நீங்க எல்லாரும் ஒரே ஆளு.'

நூற்றுக்கு நூறு என்பது அவர் வாயில்
ஒரு வியாதியின் பெயர்போல வந்தது.
'வயலினை எடுத்துடலாம்.
கொஞ்சம் இந்தியாவைக் குறைக்கலாம்.
ஊரு கடலூர்தானே? சுனாமி பத்தி எழுதேன்.'

சுனாமி வந்தப்ப நான் பிறக்கவே இல்ல மேடம்.

'அதனால என்ன,
அம்மா சொல்லியிருப்பாங்கல்ல.'

ஐயாயிரம் ரூபாய்க்கு ரசீது தரவில்லை.

கடலூர் பஸ்ஸில் கன்னியகோயில் வரை
நின்றுகொண்டே வந்தேன்.
மனசுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்:
எனக்குக் கணக்கு பிடிக்கும்,
யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை,
பகா எண்களை எண்ணினால்தான் எனக்குத் தூக்கம் வரும்,
இதில் ஆசியா எங்கே வந்தது?

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
போலீஸ்காரர் ஏறினார், பாட்டில் தேட.
என் பையை ஒரு பார்வை, என் கண்ணாடியை ஒரு பார்வை.
'படிக்கிற பொண்ணு' என்று தாண்டிப் போனார்.
பக்கத்தில் கைலி கட்டியவரை மட்டும்
'எறக்குடா பைய' என்றார்.
இரண்டு ஜோடி பள்ளிக்கூடச் செருப்பு,
ஒரு பொட்டலம் மிக்சர்.
அவர் திரும்ப அடுக்கும்வரை
பஸ் முழுக்க வேறெங்கோ பார்த்தது.
நானும்.

அப்போதுதான் விஷாலினி ஞாபகம் வந்தாள்.
தேவனாம்பட்டினம். பதினொன்றாம் வகுப்பில்
தொகைநுண்கணிதத்தில் என்னை இரண்டு முறை முந்தியவள்.
முதல் நாள் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி:
'நீ நல்லா நீந்துவியா?'
அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
'எனக்குத் தண்ணின்னா பயம்' என்றாள்.
நான் சிரித்தேன். அதுதான் இப்போது
தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வீட்டில் அம்மா
திருப்பாதிரிப்புலியூர் ஜோசியரிடம் போய்வந்திருந்தாள்.
'கட்டம் சரியில்லையாம்,
தை வரைக்கும் பொறுக்கச் சொல்றாரு.'
எந்தக் கட்டம் என்று நான் கேட்கவில்லை.

இரவு. காற்று திரும்பி
சிப்காட் நாற்றம் ஜன்னலுக்குள் வந்தது.
கட்டுரைக்கு அறுநூற்றைம்பது சொல் இடம்.
'அலை வந்த நாளில்' என்று தொடங்கி அழித்தேன்.
'எனக்குக் கணக்கு பிடிக்கும்' என்று எழுதினேன்.
அதையும் அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.

மேலே, இனம் என்ற இடத்தில்
கடுகளவு கட்டம். ஆசியர்.
தட்டினேன்.
உள்ளே ஏற்கெனவே கோடிக்கணக்கில் ஆட்கள்,
தோளோடு தோள், மூட்டை முடிச்சோடு.
யாரோ கண்டக்டர் குரலில் சொல்கிறார்கள்:
படியில நிக்காத,
உள்ள போ, உள்ள போ,
உள்ள எடம் இருக்கு.