நூறு மில்லிலீற்றர்

இரண்டாயிரத்தைந்நூறு என்றேன்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டினாள்
ஆயிரத்தைந்நூறு.
விசிறி சத்தம் போடும், அதனால் ஆயிரத்தெண்ணூறு என்றேன்.
விசிறியைப் போட்டு, கட்டிலில் இருந்து,
கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு
ஆயிரத்தெழுநூற்றைம்பது என்றாள்.

பொலிவியாக்காரி. கடவுச்சீட்டில் நைரா சோக்கே.
நாடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.
பிரேசிலுக்குப் பக்கத்தில் என்றாள்,
பதிவேட்டில் அதையும் எழுதி வைத்தேன்.
சுபோதினி அவளுக்கு வாயில் வரவில்லை.
சுபோ ஆனேன்.

கல்லடியில் என்னிடம் இருப்பது இரண்டு ரூம்,
கடலுக்கு நாலு வீடு முன்னால்.
அந்த நாலில் மூன்று
இப்போது வெறும் அத்திவாரம்.

கடைச் சாப்பாடு கட்டாது என்று
என் அடுப்பைக் கேட்டாள்.
கால் கிலோ உருளைக்கிழங்கு வாங்கி வந்து
இந்த ஒரு சாதிதானா இருக்கிறது என்று
எனக்காகக் கவலைப்பட்டாள்.
அவளுடைய அம்மா மலைச் சந்தையில் கிழங்கு விற்கிறவள்.
இரவுப் பனியில் கிழங்கை உறைய விட்டு
காலால் மிதித்துத் தண்ணீர் போக்கி
வெயிலில் காய வைத்தால்
பத்து வருஷம் கெடாதாம்.
கிழங்குக் கருவாடு என்றேன்.
அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்,
அன்றைய செலவுக்குக் கீழே:
பஸ் நாற்பது, வாழைப்பழம் அறுபது, கருவாடு.

உவைஸ் நானா மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்தார்.
அவள் ஸ்பானிஷில் விலை குறைத்தாள்,
அவர் தமிழில் விடவில்லை.
நிறுத்துப் போட்ட பிறகும்
பையை விரித்தபடியே நின்று
'யாப்பா' என்றாள்.
'வாப்பாவா? அவர் மௌத்தாகி ஆறு வருஷம் புள்ள,
இப்ப யாவாரம் நான்தான்.'
அவளுடைய ஊரில் விற்கிறவர்
கடைசியில் சும்மா போடும் ஒரு பிடிக்கு
அதுதான் பெயராம்.
விளங்கியதும் நானா சிரிக்கவில்லை.
பெட்டிக்குள் கிண்டி
ஒரு மணலையை எடுத்துப் போட்டார், நடுத்தரம்.
எனக்கு ஒருநாளும் போட்டதில்லை.

பின்னேரம் கடலில் முழங்கால் மட்டும் இறங்கி நின்றாள்,
சப்பாத்தைக் கழற்ற மறந்து.
அவர்களிடம் கடல் இருந்ததாம் ஒரு காலம்,
சண்டையில் போய்விட்டது.
கடற்படை மட்டும் மிச்சம்,
இன்னும் ஏரியில் ஓடுகிறது.
சிரித்துவிட்டேன்.
பிறகு நிறுத்திக்கொண்டேன்.
எங்களிடம் கடலும் இருக்கிறது, கடற்படையும் இருக்கிறது.
இரண்டையும் கேட்டுத்தான் இங்கே தோணி தள்ளுகிறார்கள்.

போகும் நாள்
ஒன்றரை லீற்றர் போத்தலில் கடலை அள்ளி வந்தாள்.
அம்மா பார்த்ததில்லையாம்.
ஆக மலிந்த டிக்கெட், கைப்பை மட்டும், ஏழு கிலோ,
தண்ணீர் என்றால் நூறு மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள்.
குளியலறையில் கிடந்த ஷாம்பூப் போத்தலை
நாலு தரம் கழுவி
அதற்குள் கொள்ளும் அளவுக்கு ஊற்றி
காலுறைக்குள் சுற்றிக்கொண்டு போனாள்.
இன்னும் நுரைத்தது அது.

மிச்சம் என் ஜன்னலில்.
இந்தத் தெருவில் கடலை
யாரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.
ஒருமுறை அதுவாக வந்து
வேண்டியதை எடுத்துக்கொண்டு போனது.
ஊற்றிவிட்டு வருவோமென்று மூன்று தரம் தூக்கினேன்,
நாலு வீடுதான் தூரம்.
மூன்று தரமும் திரும்ப வைத்தேன்.

நேற்று இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்கள்,
ஆரையம்பதி தாண்டி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களை.
ஒருவன் ஜன்னலில் இருந்த போத்தலை எடுத்து
மூடியைத் திருகினான்.
'ஏய்!'
அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு
நான் அப்படிக் கத்தியதில்லை.

மூடியை மூடி
மெல்ல வைத்தான்.
ஆயிரத்தெண்ணூறு என்றேன்.
விசிறியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.