மணிக்கு நாற்பத்தொரு மில்லி

கல்லீரலின் வலப்பாதியை வெட்டியெடுத்து
எட்டு மணி நேரம் ஆகிறது.
உலான்பாத்தரில், வெளியே, மைனஸ் முப்பத்தொன்று.
கரிப்புகைக்குள் தெருவிளக்குகள்
மஞ்சள் கறையாய் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

நான்காம் கட்டிலில் பல்தன்.
ஐம்பத்தாறு வயது. எண்பத்திரண்டு கிலோ.
நிலக்கரி லாரி ஓட்டுபவர்.
சர்க்கரை உண்டு. காமாலை கொஞ்சம்.
இழந்த ரத்தம் ஒன்றே முக்கால் லிட்டர்.
கல்லீரல் வாசலில் குழாயை நாங்கள் இறுக்கிப் பிடித்தது
விட்டுவிட்டு நாற்பத்தெட்டு நிமிடம்.

இவ்வளவையும் கட்டம் கட்டமாக நிரப்பினேன்.
கணினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.
சிறுநீரகம் கைவிடும் வாய்ப்பு
நூற்றுக்கு முப்பத்தேழு.

வெட்டுப்பட்டது ஒன்று, பயம் இன்னொன்றுக்கு.
மாணவியாக இருந்தபோது விநோதமாகத் தோன்றியது.
இப்போது இல்லை.
மேல்வீட்டில் குழாய் உடைந்தால்
கீழ்வீட்டில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று
யாரும் வியப்பதில்லை.

தாழ்வாரத்தில் அவர் மனைவி செவெல்மா.
சுரங்கச் சாலையில் டயர் கடை.
நகக்கண்ணில் கழுவியும் போகாத கறுப்பு.
முப்பத்தேழு என்றேன்.
"அவர் அந்த முப்பத்தேழிலா, மிச்சத்திலா?"
தெரியாது.
"அப்புறம் எதற்கு அந்த எண்?"

நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க
அவளே சொன்னாள்:
"பழைய டயர் நூறு வந்து இறங்கும்.
தட்டிப் பார்த்தாலே தெரியும்,
முப்பது நாற்பது எல்லைவரை தாங்காது.
எது எது என்று எனக்கும் தெரியாது.
மெல்லப் போ, அடிக்கடி இறங்கிக் காற்றைப் பார் என்பேன்.
சிலர் கேட்பார்கள்.
இந்த மனுஷன் கேட்டதே இல்லை."

பிறகு இரவு.
மணிக்கொரு தரம் செவிலி கொங்கர்சுல்
டார்ச்சோடு கட்டிலடியில் குனிகிறாள்.
இருபத்தாறு.
இருபத்திரண்டு.
அவர் எடைக்கு நாற்பத்தொரு மில்லியாவது வேண்டும்.

அழுத்தத்தைச் சற்றே உயர்த்தினேன்.
ஒரு புட்டி அல்புமின்.
வலி, வலி என்கிறார்.
வழக்கமாகப் போடும் ஊசி சிறுநீரகத்துக்கு ஆகாது.
மற்றதைக் கொடுத்தேன், அது போதவில்லை.
எண் பிடுங்கிக்கொண்டது அந்த ஊசியை.
கணக்குப் போட்டவள் நான்,
பல்லைக் கடித்தவர் அவர்.

மூன்று மணிக்குப் பதினெட்டு.
செவெல்மாவை உள்ளே விட்டேன், விதிக்கு மாறாக.
அவள் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.
"எல்லை வரிசையில் ஆறு நாள் நின்றபோது
பாட்டில் பாட்டிலாய் நிரப்பினாயே,
இங்கே என்ன வெட்கம்?"
அவர் சிரிக்கப் போய்
தையல் இழுத்து முனகினார்.

ஐந்து மணிக்கு நாற்பத்து நான்கு.
ஆறுக்கு அறுபது.
கொங்கர்சுல் இரண்டு முறை அளந்தாள்.

நாங்கள் காத்தோமா,
முதலிலிருந்தே அவர் அந்த அறுபத்து மூன்றில் ஒருவரா?
விழிக்காத இன்னொரு இரவு இல்லை,
ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பல்தன் இல்லை.
எனக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

அதே இரவில் ஒன்பதாம் கட்டிலில்
முன்க்ஜின், முப்பத்து நான்கு வயது, கணித ஆசிரியை.
சின்னத் துண்டுதான் வெட்டினோம்.
நூற்றுக்கு ஆறு.
யாரும் டார்ச் எடுத்துக் குனியவில்லை.
வெள்ளிக்கிழமை அவரிடம்
டயாலிசிஸ் இயந்திரத்தை உருட்டிச் சென்றோம்.

"எனக்கு எவ்வளவு போட்டிருந்தீர்கள்?" என்றார்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு,
"ஆறு என்றால் பூஜ்யம் இல்லையே, டாக்டர்"
என்றார், மாணவனின் விடைத்தாளைத்
திருப்பிக் கொடுப்பதுபோல்,
கோபமில்லாமல்.

வெளியே வந்தேன்.
டார்ச்சுக்குப் புது பேட்டரி வேண்டும் என்றாள் கொங்கர்சுல்.
நான்கு கேட்டிருந்தாள்.
எட்டு எழுதிக் கையெழுத்திட்டேன்.